தன்விவரக் குறிப்பில் இடம்பெறாதவை

முனைவர் பட்ட ஆய்வில் சேரும் ஒருவர் முதல் நாளிலிருந்தே எதிர்கொள்ளும் கேள்வி, "உங்கள் துறை எது?" என்பது. ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கேள்விக்கான விடை குறுகிக்கொண்டே போகிறது. முதலில் துறை, பிறகு துறைக்குள் ஒரு களம், களத்துக்குள் ஒரு காலம், இறுதியில் அக்காலத்தின் ஒரு நூல் அல்லது ஓர் ஊர். இக்குறுக்கம் ஆய்வுக்கு இன்றியமையாதது, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதனோடு ஒரு மனப்பழக்கமும் வந்து ஒட்டிக்கொள்கிறது. கண்ணில் படும் ஒவ்வொன்றையும் "இது ஆய்வேட்டுக்கு உதவுமா?" என்று கேட்டுப் பார்த்து, உதவாதெனில் ஒதுக்கிவிடும் பழக்கம் அது. நாவல் படித்தால் குற்ற உணர்வு எழுகிறது. விடுதி வாசலில் நிற்பது கொன்றை மரம் என்பது மூன்றாம் ஆண்டில்தான் தெரியவருகிறது. புதிதாக ஒரு மொழியைக் கற்கவோ ஓர் இசைக்கருவியைத் தொடவோ தோன்றும் ஆசை, "ஆய்வேட்டை ஒப்படைத்த பிறகு" என்ற பட்டியலில் சேர்க்கப்படுகிறது. ஒப்படைத்த பிறகு வேலை தேடல், வேலை கிடைத்த பிறகு பதவி உயர்வு என்று அப்பட்டியல் ஒருபோதும் திறக்கப்படாமலே முடிந்துவிடுவதும் உண்டு.

ஆய்வாளர் என்பவர் முதன்மையாக எழுதுபவர். தரவு திரட்டுவதும் படிப்பதும் எவ்வளவு நடந்தாலும், இறுதியில் அவர் முன் இருப்பது வெற்றுப் பக்கம்தான். எனவே கதாசிரியரையும் கவிஞரையும் பற்றி எழும் ஒரு பழைய கேள்வி அவருக்கும் உரியது: எழுதுபவருக்குத் தம் எழுத்துக்கு அப்பாற்பட்ட ஈடுபாடுகள் எதற்கு? அவை எழுத்தைக் கெடுக்கின்றனவா, வளர்க்கின்றனவா? இந்திய அறிவுலகத்தின் அண்மை வரலாற்றிலேயே இதற்குப் போதிய சான்றுகள் உண்டு. அவை தரும் விடை எதிர்பார்ப்பதைவிடச் சற்றுச் சிக்கலானது.

இரவீந்திரநாத் தாகூரிலிருந்து தொடங்கலாம். 1924இல் தென்னமெரிக்கப் பயணத்தின்போது உடல்நலம் குன்றி, அர்ஜென்டினாவின் சான் இசித்ரோவில் அவர் தங்க நேர்ந்தது. அக்காலத்தில் எழுதப்பட்ட கவிதைகளே அடுத்த ஆண்டு 'பூரபி' என்ற தொகுப்பாயின. அதன் கையெழுத்துப் படியில் அடித்து நீக்கிய சொற்களை அவர் வெறுமனே விட்டுவிடவில்லை. ஓர் அடித்தலைக் கோட்டால் அடுத்த அடித்தலோடு இணைத்தார். கோடுகள் வளைந்து, பெயர் சொல்ல முடியாத விலங்குகளாகவும் பறவைகளாகவும் முகங்களாகவும் மாறின. அவருக்கு அங்கே இடமளித்த எழுத்தாளர் விக்டோரியா ஓகாம்போ இவ்வோவியங்களைக் கண்டு வியந்து ஊக்கமளித்தார். 1930 மே மாதம் பாரிசில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடைபெறவும் அவரே துணைநின்றார். அப்போது தாகூர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். நோபல் பரிசு பெற்று 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1941இல் மறைவதற்குள் அவர் வரைந்தவை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை.

இதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை அன்று. அந்த ஈடுபாடு எங்கிருந்து பிறந்தது என்பதே முக்கியம். எழுத்து மேசையின் கழிவிலிருந்து அது பிறந்தது. கவிதைக்கு வேண்டாதது என்று தள்ளப்பட்ட சொற்களின் மேல் கை சற்று நேரம் கூடுதலாக நின்றது; அவ்வளவே. அங்கே ஒரு திட்டம் இருந்ததில்லை. ஓவியராக வேண்டும் என்ற தீர்மானமும் இருந்ததில்லை. மொழியில் உச்சியைத் தொட்ட ஒருவர் கோட்டிலும் வண்ணத்திலும் முறையான பயிற்சியின்றித் தொடக்கநிலையாளராக நிற்கச் சம்மதித்தார். அதே மனநிலையில்தான் 1937இல், தம் 76ஆம் வயதில், 'விசுவ பரிசய்' என்ற அறிவியல் நூலையும் எழுதினார். அணுவையும் விண்மீன்களையும் எளிய வங்காளத்தில் விளக்கும் அந்நூலை இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போசுக்கு உரிமையாக்கினார்.

தாகூர் கவிஞர், எனவே இச்சலுகை கலைஞர்களுக்கே உரியது என்று ஆய்வாளர் ஒருவர் எண்ணக்கூடும். அவர் தாமோதர் தர்மானந்த கோசாம்பியை நினைத்துப் பார்க்கலாம். கணிதவியலாளரான கோசாம்பி புள்ளியியலைக் கற்கத் தொடங்கியபோது, கையால் செய்து பார்க்க அவருக்குச் சில கணக்குகள் தேவைப்பட்டன. பழைய வெள்ளி முத்திரை நாணயங்களின் எடை அவ்வாறு அவர் கைக்கு வந்த ஒன்று. நாணயம் கைமாறக் கைமாறத் தேய்கிறது. தேயத் தேய எடை குறைகிறது. புழக்கக் காலம் நீள நீள நாணயத்துக்கு நாணயம் எடை வேறுபாடும் கூடுகிறது. எனவே ஒரே புதையலில் கிடைத்த நாணயங்களைத் துல்லியமாக நிறுத்துப் பார்த்தால் எந்த வகை முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்த இயலும். இதனைச் சோதிக்கத் தம் காலத்தில் புழங்கிய சாதாரண நாணயங்களையும் அவர் பெருமளவில் நிறுத்துப் பார்த்தார்.

வரிசை கிடைத்ததும் அடுத்த கேள்வி எழுந்தது: இவற்றை வெளியிட்டவர்கள் யார்? அது பழைய நூல்களுக்கும், நூல்கள் சமற்கிருதத்துக்கும் அவரை இட்டுச்சென்றன. 1948இல் பர்த்ருஹரியின் பாடல்களுக்கான செம்பதிப்பு வெளிவந்தது. 1956இல் இந்திய வரலாற்றை ஆராயும் முறையையே மாற்றிய அறிமுக நூல் வெளிவந்தது. புணேயைச் சுற்றியுள்ள குன்றுகளில் நடந்து நுண்கற்கருவிகளைத் தேடிப் பொறுக்குவதும், சிற்றூர்த் தெய்வங்களின் இருப்பிடங்களைப் பார்த்துக் குறிப்பதும் அவருடைய வழக்கமாயின. 1962இல் வந்த 'தொன்மமும் உண்மையும்' நூலில் அந்நடைகளின் புழுதி படிந்திருக்கிறது.

இவ்விரு வரலாறுகளையும் சொல்லி முடித்தவுடன் ஒரு முடிவுக்குத் தாவுவது எளிது: "பார்த்தீர்களா, பக்கவழி ஈடுபாடு இறுதியில் பயன் தந்துவிட்டது. எனவே ஆய்வாளர்களும் பொழுதுபோக்கு ஒன்றை வளர்த்துக்கொள்ளட்டும். அது படைப்பாற்றலைப் பெருக்கும்." தன்முன்னேற்ற நூல்களும் பல்கலைக்கழகப் பயிலரங்குகளும் இவ்வாறுதான் பேசுகின்றன. இம்முடிவு நாணயங்களின் கதையைப் பின்னிருந்து படிப்பதால் வருவது. நாணயத்தைத் தராசில் வைத்த நாளில், அது வரலாற்று நூலொன்றில் போய் முடியும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. எடைகளில் ஒழுங்கு எதுவும் தென்படாமலே போயிருக்கலாம். பல மாத உழைப்பு ஒரு குறிப்பேட்டோடு முடிந்திருக்கலாம். அவ்வாறு முடிந்த ஈடுபாடுகள் உலகில் எத்தனையோ. அவற்றைப் பற்றி எவரும் எழுதுவதில்லை, அவ்வளவே. பயனை முன்னிறுத்தி ஓர் ஈடுபாட்டைத் தொடங்குபவர், பயன் தென்படாத முதல் வாரத்திலேயே அதனைக் கைவிடுவார். பயன் தந்த ஈடுபாடுகளும் பயனைக் கேட்காமல் தொடரப்பட்டவையே என்பதுதான் இதிலுள்ள முரண்.

அப்படியானால் புதிய ஈடுபாடு எழுதுபவருக்குத் தருவது என்ன? அது மீண்டும் அறியாதவராக இருக்கும் நிலையைத் தருகிறது. ஒரு துறையில் பத்தாண்டுகள் உழைத்தவருக்கு அத்துறையின் சொற்கள் பழகிவிடுகின்றன. "அதிகாரம்", "அடையாளம்", "கட்டமைப்பு" போன்ற சொற்கள் சிந்தனைக்கு முன்பே விரல்களுக்கு வந்துவிடுகின்றன. பழகிய சொல் பார்வையை மறைக்கிறது. அதே மனிதர் பறவை பார்க்கத் தொடங்கினால், முதல் நாள் மைனாவுக்கும் சிலம்பனுக்கும் வேறுபாடு சொல்லத் தெரியாமல் திணறுவார். அலகின் நிறம், கண்ணைச் சுற்றிய வளையம், கூட்டமாக வந்ததா தனித்து வந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். ஆயத்தச் சொல் எதுவும் அங்கே துணைக்கு வராது. பார்த்ததைப் பார்த்தவாறு எழுதுவதன் அடிப்படைப் பயிற்சி அதுதான். மாவு பிசையக் கற்பவரும், தையல் கற்பவரும், இன்னொரு மொழியின் எழுத்துகளை வரைந்து பழகுபவரும் இதே நிலையில்தான் நிற்கின்றனர். அறிஞர் என்ற நாற்காலியிலிருந்து இறங்கித் தவறு செய்யும் உரிமையை அவர்கள் மீட்டுக்கொள்கின்றனர்.

ஈடுபாடு என்பது ஓரளவு பெரிய சொல். அதைவிடச் சிறியதும் அன்றாடமானதுமான மகிழ்ச்சிகளுக்கும் எழுத்தில் இடம் உண்டு. இந்திக் கவிஞர் மகாதேவி வர்மா இதற்கு நல்ல சான்று. சாயாவாதக் கவிதையின் நான்கு தூண்களுள் ஒருவராகப் போற்றப்படுபவர். அலகாபாத்தில் பெண்கள் கல்வி நிறுவனமொன்றைப் பல்லாண்டுகள் நடத்தியவர். அவருடைய கவிதை பெரிதும் துயரத்தின் கவிதை. 1972இல் வெளிவந்த 'மேரா பரிவார்' என்ற அவரது நூலோ தம் வீட்டில் வாழ்ந்த விலங்குகளையும் பறவைகளையும் பற்றியது. காகங்களிடம் அடிபட்டுக் கிடந்த அணில் குஞ்சொன்றை எடுத்து வளர்த்ததையும், பஞ்சிட்ட பூக்கூடையில் அது உறங்கியதையும், எழுதும்போது தம் கவனத்தை ஈர்க்க அது செய்த குறும்புகளையும் அவர் அதில் எழுதியுள்ளார். 'கில்லூ' என்ற அந்த அணிலை இன்று இந்தி படிக்கும் பள்ளிக் குழந்தைகள் எல்லோரும் அறிவர். அணிலின் வாழ்நாள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு என்பதை அறிந்தவாறே எழுதப்பட்ட மகிழ்ச்சி அது. அவருடைய கவிதையின் துயரத்தை அறிந்த வாசகருக்கு அந்த மகிழ்ச்சி இலேசானதாகத் தோன்றாது.

சிறிய மகிழ்ச்சியை ஓர் ஒழுங்காகவே கைக்கொண்டவர் மா. கிருஷ்ணன். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950ஆம் ஆண்டு தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் மறையும்வரை எழுதினார். 46 ஆண்டுகள் தொடர்ந்து நிரப்பப்பட்ட அப்பத்தியில் யானைக்கும் புலிக்கும் இடமிருந்தது போலவே காகத்துக்கும் அணிலுக்கும் வீட்டு ஆட்டுக்கும் இடமிருந்தது. காட்டுக்குப் போக முடியாத வாரங்களிலும் பார்ப்பதற்கு ஏதோவொன்று இருக்கவே செய்தது. அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் தொகுக்கப்பட்டுள்ளன. மழையும் குயிலும் எவருக்கும் மறுக்கப்படாதவை என்பது அத்தலைப்பிலேயே இருக்கிறது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழுகிறது. தாகூர் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். கோசாம்பி ஹார்வர்டில் பயின்றவர். வாய்ப்பும் வசதியும் உடையவர்களின் ஈடுபாடுகளைக் காட்டி இன்றைய ஆய்வு மாணவருக்கு அறிவுரை கூறுவது எங்ஙனம் பொருந்தும்? மத்தியப் பல்கலைக்கழகங்களில் 'நெட்' தகுதி இன்றி முனைவர் பட்ட ஆய்வு செய்வோர் பெறும் உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது; ஆனால் அதனைப் பெறுவோர் தேர்வெழுதுவோரில் மிகச் சிலரே. அத்தொகையும் மாதந்தோறும் தவறாமல் வந்து சேரும் என்பதற்கில்லை. பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை எதுவுமின்றி, பகலில் கற்பித்தும் இரவில் படித்தும் ஆய்வை நகர்த்துவோர் ஏராளம். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவருக்கு ஒவ்வோர் ஆண்டும் வீட்டுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். அவரிடம் குயிலோசையைக் கேட்கச் சொல்வது கேலியாகவே ஒலிக்கும்.

இம்மறுப்பில் உண்மை உண்டு; அதனாலேயே அது சரியான இடத்தை நோக்கித் திருப்பப்பட வேண்டும். சிறிய மகிழ்ச்சிகளுக்குப் பணம் பெரிதாகத் தேவையில்லை, நேரம் தேவை. அந்நேரத்தைப் பறிப்பது வறுமை மட்டுமன்று. 2010ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் ஆசிரியர்களின் பணியைப் புள்ளிகளாக எண்ணும் குறியீட்டைக் கொண்டுவந்தன. 2018இல் அம்முறை திருத்தப்பட்ட பின்னும் கட்டுரைக்கு இத்தனை, நூலுக்கு இத்தனை என்ற ஆய்வு மதிப்பெண் அட்டவணை தொடர்கிறது. முனைவர் பட்டத்துக்கு முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022ஆம் ஆண்டின் விதிமுறைகள் நீக்கின. ஆனால் விதி போன பின்னும் அச்சம் போகவில்லை. வேலைக்கான நேர்காணலில் எண்ணிக்கை கேட்கப்படும் என்பதை மாணவர்கள் அறிவர். புள்ளி தராத மணிநேரம் வீணான மணிநேரம் என்ற கணக்கு இவ்வாறு உருவாகிறது. வசதி படைத்தவர் இக்கணக்கைப் புறக்கணித்துவிட முடியும், இல்லாதவரால் முடியாது. எனவே ஓய்வு ஆடம்பரம் என்று ஒதுக்குவது, வறிய ஆய்வாளரின் பக்கம் நின்று பேசுவதாகாது. அவரிடமிருந்து ஏற்கெனவே பறிக்கப்பட்டதை நியாயப்படுத்துவதாகவே அது முடியும்.

இன்னொரு மறுப்பும் வருவதுண்டு. நாடு கொந்தளிக்கும் காலத்தில் பூவையும் பறவையையும் பார்த்துக்கொண்டிருப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது ஆகாதா? இதற்கு மராட்டிய நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் துர்கா பாகவத்தின் வாழ்வைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது. பழங்குடி மக்களிடையே களப்பணி செய்த இளமைக் காலத்தில் உண்ட உணவு நஞ்சாகி, நெடுங்காலம் அவர் படுக்கையில் கிடக்க நேர்ந்தது. முனைவர் பட்டம் கைகூடவில்லை. 1956இல் வெளிவந்த அவருடைய 'ருதுசக்ர' நூல் சித்திரை தொடங்கிப் பங்குனி ஈறாக ஒவ்வொரு மாதத்திலும் மரமும் வானமும் பூவும் கொள்ளும் மாற்றங்களைப் பின்தொடர்கிறது. வழக்காற்றியலிலும் பௌத்தத்திலும் ஆழ்ந்த அந்த அறிஞர் சமையல் பற்றியும் 'கமங்க்' என்றொரு நூல் எழுதினார். அதே துர்கா பாகவத் 1975இல், நெருக்கடி நிலை நடப்பிலிருந்தபோது, கராட் நகரில் கூடிய மராத்தி இலக்கிய மாநாட்டுக்குத் தலைமையேற்று எழுத்துரிமைக்காக வெளிப்படையாகக் குரலெழுப்பினார். அடுத்த ஆண்டு சிறை சென்றார். மாதங்களின் நிறமாற்றத்தைக் கவனித்த கண்ணும் அதிகாரத்தின் நிறமாற்றத்தைக் கவனித்த கண்ணும் ஒன்றே. எதை இழக்கப்போகிறோம் என்று அறிந்தவருக்கே காக்கும் துணிவு வருகிறது.

மறுப்புகளைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. அது உள்ளிருந்தே வருகிறது. இன்று மகிழ்ச்சியும் கணக்குக்கு உட்பட்டுவிட்டது. நடை காலடி எண்ணிக்கையாகிறது. வாசிப்பு "இவ்வாண்டு நூறு நூல்கள்" என்ற இலக்காகிறது. தோட்டத்தில் முதல் பூ மலர்ந்தவுடன் கை தானாகவே கைபேசியைத் தேடுகிறது. படம் எடுத்து, தலைப்பிட்டு, விருப்பக்குறிகளை எதிர்பார்த்து அமர்ந்திருக்கும் நேரம் பூவைப் பார்த்த நேரத்தைவிட நீள்கிறது. புள்ளி அட்டவணை அலுவலகத்திலிருந்து சட்டைப்பைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே வேறுபாடு. பகிர்வது தவறன்று. கிருஷ்ணனின் பத்தியும் மகாதேவியின் நூலும் பகிர்வுகளே. ஆனால் அவை நெடுநாள் பார்த்த பிறகு பகிரப்பட்டவை. அணிலோடு இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தது முதலில், எழுத்து பிறகு.

செய்யத்தக்கவை பெரியவை அல்ல. நெறியாளர்கள் தம் மாணவரிடம் "எத்தனை பக்கம் ஆயிற்று?" என்று கேட்பதோடு "வேறென்ன படிக்கிறீர்கள்?" என்றும் கேட்கலாம், கேட்டுவிட்டு அதற்கும் ஆய்வேட்டுக்கும் முடிச்சுப் போடாமல் விடலாம். துறைகள் தம் வாராந்தரக் கருத்தரங்கில் மாதம் ஒரு முறையேனும், ஒருவர் தம் துறைக்கு வெளியே உள்ள ஈடுபாட்டைப் பற்றிப் பேசும் வழக்கத்தை உண்டாக்கலாம். அதற்குச் சான்றிதழ் தராமல் இருப்பது நன்று. உதவித்தொகை உரிய மாதத்தில் வந்து சேரச் செய்வது மானியக் குழுவும் பல்கலைக்கழக நிருவாகங்களும் ஆற்றக்கூடிய மிகப் பெரிய இலக்கியத் தொண்டாக இருக்கும். கடன் கேட்டு அலையும் மாலைகள் திரும்பக் கிடைத்தால் அவற்றைக் கொண்டு என்ன செய்வதென்று ஆய்வாளர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆய்வு மாணவர் தம் அளவில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தன்விவரக் குறிப்பில் ஒருபோதும் இடம்பெறாத ஏதோவொன்றை வாரத்தில் சில மணிநேரம் தொடர்வது. அது வங்காள எழுத்துகளைப் பழகுவதாக இருக்கலாம். ரசத்துக்குப் பொடி இடிப்பதாக இருக்கலாம். வளாகத்து மரங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்வதாக இருக்கலாம். அதில் தேர்ச்சி வராமலே போகலாம். ஆய்வேட்டின் ஒரு வரிக்கும் அது உதவாமல் போகலாம். உதவாமல் போவதற்கும் அதற்கு உரிமை இருக்க வேண்டும். ஆய்வேடு ஒரு நாள் முடிந்துவிடும். அதன் பிறகும் முப்பது நாற்பது ஆண்டுகள் எழுத வேண்டியிருக்கும். அவ்வளவு நீண்ட காலத்துக்குக் கண் மங்காமல் இருக்க வேண்டுமெனில், தெரியாதவற்றின் முன் ஆவலோடு நிற்கும் பழக்கம் இப்போதே இருந்தாக வேண்டும்.